மூன்றாவது கட்டத்துக்கு ஒரு கையெழுத்து

மீஞ்சூரில் காலை வண்டியைப் பிடித்து, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, பாதி உடம்பு வெளியே தொங்க ஷேர் ஆட்டோவில் சிப்காட் புழுதியைத் தின்றுகொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள்ளேயே சுகிர்தாவுக்கு ஒரு நாள் உழைத்த அலுப்பு வந்துவிடும். பாடம் நடத்துவதெல்லாம் அதற்கு மேல்தான். அது இரண்டாயிரத்து ஐந்து. அவள் தொகுப்பூதிய ஆசிரியை. பக்கத்து வகுப்பில் அதே வேலையைப் பார்ப்பவர் நிரந்தரம், இவள் மட்டும் ஏன் இல்லை என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் இருப்பதும் போய்விடுமோ என்று பயம்.

அந்த ஜூலையில் வட்டார வள மையத்தில் மூன்று நாள் பயிற்சி போட்டார்கள். பிள்ளைகளைப் பதில் சொல்ல வைத்தது போதும், கேள்வி கேட்க வையுங்கள் என்றார்கள். கேள்வியில் மூன்று படி உண்டாம். முதல் படிக்குப் பதில் புத்தகத்திலேயே இருக்கும். இரண்டாவதற்கு, படித்ததை வைத்து யோசிக்க வேண்டும். மூன்றாவதற்குப் புத்தகத்தில் பதிலே கிடையாது, வெளியே போய் ஒரு மனிதரைக் கேட்க வேண்டும். மதியம் சாம்பார் சாதம் சாப்பிட்ட பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். சுகிர்தா தூங்காமல் கேட்டுத் தொலைத்தாள்.

எட்டாம் வகுப்புக்கு ஒரு நோட்டு, படிக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு மூன்று கட்டம் என்று ஆரம்பித்தாள். பிள்ளைகளோ பதில் தெரிந்த கேள்வியை மட்டும்தான் எழுதினார்கள். பதில் தெரியாமல் கேள்வி எழுதினால் மார்க் போய்விடும் என்று கைடு படித்தே வளர்ந்த பயம். மூன்றாவது கட்டத்தில்கூட, 'இந்தியாவின் தலைநகரம் எது? ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டேன், டெல்லி என்றார்' என்று கூசாமல் எழுதி வந்தார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பதில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று சட்டம் போட்டாள். அதன் பிறகுதான் நோட்டுக்கு உயிர் வந்தது. சத்துணவு சமைக்கும் கெங்கம்மாள்கூட, சாம்பாரில் பருப்பு ஏன் கண்ணில் படுவதில்லை என்ற கேள்விக்குத் திட்டிக்கொண்டே கைநாட்டு வைத்தாள்.

சுகிர்தாவுக்கு உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமை ஒரு வியாழக்கிழமையோடு சரி.

அன்று, அந்த எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் செண்பகத்தின் அப்பா பாக்கியராஜ் வகுப்பு வாசலில் வந்து நின்றார். இரும்புக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். வலது கையில் தீக்காயம் பட்டுப் பழந்துணி சுற்றியிருந்தது. மகளின் நோட்டை நீட்டினார். மூன்றாவது கட்டத்தில், 'என் அப்பா ஆறு வருடமாக வேலை செய்கிறார். அவருக்கு ஏன் இ.எஸ்.ஐ. கார்டு இல்லை?' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. கீழே பதிலும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

"கை வெந்துகினு ஆஸ்பத்திரிக்கிப் போனேன், கார்டு இல்லன்னு திருப்பி அனுப்ட்டாங்க. அதப் பாத்துகினு இருந்த பாப்பா, ஷிப்டு வுடற நேரத்துல கம்பெனி கேட்டாண்ட போயி, அத்தினி பேரு முன்னால காண்ட்ராக்டரக் கேட்டுட்ச்சி. கேட்டுட்டு, நோட்ட நீட்டி சார் கையெழுத்து போடுங்கன்னுதாம். மறுநாள்லருந்து என்னை உள்ள வுடல. இன்னாத்துக்கு டீச்சர் இந்தப் பேஜாரு?"

சுகிர்தா நோட்டை வாங்கி அந்தக் கேள்வியை இன்னொரு முறை படித்தாள்.

"நான் ஊட்ல குந்திகினா இவ எறால் உரிக்கப் போவணும். திங்கக்கெயம எறால் கம்பெனி வேன் வருது. டி.சி. குடுங்க. இல்லேன்னா எங்கூட வந்து அந்தாளாண்ட நீங்களே சொல்லுங்க."

சாயங்காலம் அவரோடு இரும்புக் கம்பெனிக்கு நடந்தாள். காண்ட்ராக்டர் ஆதிகேசவன் கத்தவில்லை. நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். பாக்கியராஜை மட்டும் உட்காரச் சொல்லவில்லை.

"ஸ்கூல் பாடம் ஸ்கூலோட இருக்கணும் மேடம். கேள்வி தப்புன்னு அதே நோட்டுல எழுதி ஒரு கையெழுத்து போட்ருங்க. நாளைக்கே அவன் உள்ள வரட்டும். ஆமா, நீங்க இன்னும் பர்மனென்ட் ஆவலியாமே?"

கடைசிக் கேள்விக்குப் பதில் தேவைப்படவில்லை. பேனா அவள் கையிலேயே இருந்தது. அந்தப் பெண் எறால் வேனில் ஏறக் கூடாது, அதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'இந்தக் கேள்வி தவறானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் மீஞ்சூர் வரை நின்றுகொண்டே போனாள்.

மறுநாள் பாக்கியராஜுக்குக் கேட் திறந்தது. செண்பகமும் பள்ளிக்கு வந்தாள், முதல் பெஞ்சில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சுகிர்தாவும் நினைத்தாள், சாயங்காலம் மணி அடிக்கும் வரை.

பிள்ளைகள் ஓடிய பிறகு செண்பகம் மேஜையருகே வந்தாள். முகத்தில் கோபமெல்லாம் இல்லை. வீட்டுப்பாடம் காட்டுகிற பிள்ளைபோல நோட்டைப் பிரித்து வைத்தாள். புதுப் பக்கம். முதல் இரண்டு கட்டமும் காலி. மூன்றாவதில், 'சரியான கேள்வியை டீச்சர் ஏன் தவறு என்று எழுதினார்?' என்று இருந்தது.

"இத உங்களாண்டதான் கேக்கணும் டீச்சர். பதில எழுதிட்டுக் கையெழுத்து போடுங்க."

சுகிர்தா பேனாவைத் திறந்தாள். உனக்காகத்தான் என்று எழுதியிருக்கலாம். அது பாதிதான் உண்மை என்று அவளுக்குத் தெரியும். ஐந்தேகால் வண்டி தவறிப்போகும் என்று தெரிந்தும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு, 'எனக்குப் பயமாக இருந்தது' என்று எழுதி, தன் முழுப் பெயரையும் போட்டுக் கொடுத்தாள்.