புளியமரத்தில் சாத்திய கதவு

மாணிக்கம்மாளுக்கு வீடு கிடையாது. கதவு மட்டும் இருந்தது. காவலூர் போகிற மலைப்பாதையில், பஸ் நிற்கும் புளியமரத்தில் அதைச் சாத்திவைத்து, அதன் பின்னால் ஒரு சட்டி, ஒரு கோணி, ஓர் அரிவாளோடு குடியிருந்தாள்.

சேட்டு என்கிற நிலக்காரருக்கு இருபது வருஷம் சாமைக்காட்டில் களை எடுத்தவள். காட்டோரத்தில் அவளும் புருஷனும் மண்சுவர் எழுப்பிக் குடியிருந்தார்கள். புருஷன் செத்த மறுவருஷம் சேட்டு நிலத்தை விற்றார். "மண்ணு என்னுது. மத்தத எடுத்துக்கோ" என்றார். பெரிய மனசுதான். சுவர் மண், அது அவருக்கு. கூரைப்புல் அவர் காட்டில் அறுத்தது, அதுவும் அவருக்கு. மிஞ்சியது புருஷன் வேங்கை மரத்தில் இழைத்த கதவு. நாலு மைல் தலையில் சுமந்து வந்தாள்.

தினமும் பஸ் நின்றதும் கண்டக்டர் ராஜாக்கண்ணு இறங்கிவந்து கதவைத் தட்டுவான்.

"வூட்ல யாரு?"

"யாரும் இல்ல. சந்தைக்குப் போய்ட்டாங்க."

"அப்ப பேசறது யாரு?"

"கதவு."

பஸ்ஸே சிரிக்கும். அது வளைவில் ஏறிச் சத்தம் அடங்கும்வரை அவள் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். அப்புறம் மறுநாள் வரைக்கும் பேச ஆள் இல்லை.

எண்பதாம் வருஷம், ஜனத்தொகைக் கணக்குக்காக வீட்டுக்கு வீடு நம்பர் போடப் போளூரிலிருந்து சுப்பிரமணி வாத்தியார் வந்தார், கையில் தார் டப்பாவும் பிரஷ்ஷுமாக. நம்பர் இருந்தால்தான் ரேஷன் கார்டு என்று ஊரில் பேச்சு. மாணிக்கம்மாள் கதவைத் துடைத்து, இருந்த சொட்டு எண்ணெயையும் தடவி வைத்தாள்.

வாத்தியார் நோட்டைப் பிரித்தார். "சுவரு இன்னா சுவரு?"

"சேட்டு எடுத்துக்கினாருங்க."

"கூரை?"

"புளியமரம்."

"ரூம் எத்தினி?"

அவள் சுற்றிலும் மலையைப் பார்த்தாள். "எண்ணி முடியலீங்க சார்."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றும் போனது. "வெறுங்கதவுக்கு நம்பர் போட ரூல் இல்லம்மா. வூடு இல்லாதவங்கள அப்புறமா தலையா எண்ணிக்குவாங்க."

"தலைக்கு அரிசி தருவாங்களா?"

அவர் தார் டப்பாவை மூடினார்.

"இருபது வருசம் குனிஞ்சேன் சார். வருசத்துக்கு ஒரு முழம்னாலும் இந்நேரம் ஒரு வூட்டு எடம் சேந்திருக்குமே?"

"என்னைக் கேட்டா?" என்று முனகிக்கொண்டே நடையைக் கட்டினார்.

சாயங்காலம் அவள் சேட்டு வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவில் தாரால் போட்டிருந்ததையே பார்த்தாள். எழுத்து தெரியாது, கோலம்போல மனசில் வாங்கிக்கொண்டாள். திரும்பிவந்து அடுப்புக்கரியால் தன் கதவில் போட்டாள்: 47. அதில் தனக்கும் பங்கு உண்டு என்றுதான் போட்டாள். வாத்தியார் நோட்டில் அது ஏறாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் பஸ் வந்தது. ராஜாக்கண்ணு இறங்கிவந்து கையை ஓங்கினான். நம்பரைப் பார்த்தான். நம்பர் போட்ட வீட்டை விளையாட்டுக்குத் தட்டுவார்களா? ஓங்கிய கை இறங்கியது. "வர்றேங்க" என்றான், என்றைக்கும் இல்லாத மரியாதையோடு.

கதவுக்குப் பின்னால் மாணிக்கம்மாள் பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வளைவில் பஸ் சத்தம் அடங்கியது.

எழுந்து முன்பக்கம் வந்தாள். கரி அழியாமல், ஓரமாக, தானே இரண்டு தட்டுத் தட்டினாள்.