நடுவாசல் வெர்டெல்

வெர்டெல் ப்ரூயிட் நடுவாசலில் நின்றால் ஈகூட நேரம் பார்த்துத்தான் உள்ளே வரும் என்று சபையில் கேலி செய்வார்கள். மெம்ஃபிஸில் எங்கள் கறுப்பின மக்களின் சபைகளில் வருகிறவர்களை நிறுத்தி, இடம் காட்டி உட்காரவைக்கும் வாசல் ஊழியம் என்றால் விளையாட்டில்லை. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளை அதட்டி அதட்டிச் சோறு போடுகிறவள், ஞாயிறு வந்தால் வாயே திறக்க மாட்டாள். வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை, இடது கை முதுகுக்குப் பின்னால். வலது கை காட்டும் சைகைதான் பேச்சு. முப்பத்தொரு வருடமாக இப்படித்தான்.

சட்டைப் பையில் பெப்பர்மின்ட் மிட்டாய் இருக்கும். இருமுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று தருவாள். பொய் இருமல் அவளிடம் செல்லாது.

ஜெபம் நடக்கும்போது யாரும் உள்ளே வரக் கூடாது. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நிற்பவருக்குத் தெரியும்படி உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவாள். தேர்தலுக்கு நின்ற ஒரு பெரிய மனிதர் மழையில் தொப்பலாக நனைந்திருக்கிறார். போதகரின் மனைவியே ஒருமுறை கையில் கேக்கோடு வெளியே நின்றார். அதில் வெர்டெலுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தக் கைதான் அவளுக்கு வினையாக வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது அடக்க ஆராதனை அங்கேதான் நடந்தது. அம்மாவும் அதே வாசலில் நின்றவள். "இன்னிக்கு ஒருநாளாவது குடும்பத்தோட உக்காருடி" என்று கூட ஊழியம் செய்யும் ஜெனீவா கெஞ்சினாள். வெர்டெல் கேட்கவில்லை. அம்மாவின் பேட்ஜைக் குத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள். டெட்ராய்ட்டில் இருந்த தங்கை ஓடெஸ்ஸா, பஸ் வழியில் பழுதானதால், ஜெபத்தின் நடுவேதான் பயணப் பெட்டியும் கையுமாக ஓடிவந்தாள். வெர்டெலின் கை தானாக உயர்ந்துவிட்டது. யோசித்துச் செய்ததில்லை. பழகிய கை, முந்திக்கொண்டது.

கூடப் பிறந்தவள் நான்கு நிமிடம் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். கல்லறையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்: "நீ எனக்கு அக்காவா, வாட்ச்மேனா?" அதுதான் கடைசிப் பேச்சு.

அதன் பிறகு வெர்டெல் மாதம் ஒருமுறை ஃபோன் செய்வாள். எதிர்முனையில் பதிவான குரல்தான் வரும். மழையைச் சொல்வாள், முழங்கால் வலியைச் சொல்வாள், கீரையில் புழு விழுந்ததைச் சொல்வாள். மன்னிப்பு மட்டும் வராது. ஜெபம் என்றால் ஜெபம்தானே, யாராக இருந்தால் என்ன என்று ஒரு வீம்பு.

"ஆறு வருஷமா அவளுக்கு வானிலை அறிக்கை வாசிச்சிட்டு இருக்க," என்பாள் ஜெனீவா. "'தப்பு பண்ணிட்டேன்'னு ஒரு வார்த்தை சொன்னா உன் பல்லு கொட்டிடுமா?"

இந்த வசந்தத்தில் ஓடெஸ்ஸா வேலையிலிருந்து ஓய்வு பெற்று மெம்ஃபிஸுக்கே வந்துவிட்டாள். காரில் கால் மணி நேர தூரம். ஒருநாள் மளிகைக் கடையில் எதிரெதிரே வந்தபோது ஓடெஸ்ஸா தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். வெர்டெல் முட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்து, காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். அன்று மாலை கடைசியாக ஒருமுறை ஃபோன் செய்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பெண்கள் நாள். எல்லாரும் வெள்ளை உடுத்தணும். பத்தரைக்கே வந்துரு, ஓடெஸ்ஸா. ரெண்டாவது வரிசையில அம்மா கடைசி காலத்துல உக்காந்த இடத்தை உனக்குப் பிடிச்சு வைக்கிறேன். வரலைன்னா இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் தன் பைபிளை வைத்துவிட்டு, உட்கார வந்தவர்களையெல்லாம் கையாலேயே விரட்டினாள். பத்தரை ஆனது, பதினொன்றும் ஆனது. பதினொன்றே காலுக்கு சபைப் பெரியவர் டீக்கன் ராஸ்கோ எழுந்து ஜெபத்தைத் தொடங்கினார். அவர் தொடங்கினால் ஆதாமிலிருந்துதான் வருவார். வெர்டெல் கதவைச் சாத்தினாள்.

அப்போதுதான் வெளியே ஒரு கார் வந்து நின்றது.

எல்லோரும் வெள்ளை என்றால் ஓடெஸ்ஸா மஞ்சளில்தான் வருவாள். மஞ்சள் உடை, அதைவிடப் பெரிய மஞ்சள் தொப்பி. பிறக்கும்போதே பத்து நாள் தாமதமாகப் பிறந்தவள் அல்லவா! படியேறிக் கதவருகே வந்தாள். வெர்டெலின் கை உயர்ந்துவிட்டது. பாழாய்ப்போன கை.

ஓடெஸ்ஸா அந்தக் கையைப் பார்த்தாள். திரும்பி ஒரு படி இறங்கினாள்.

வெர்டெல் உயர்ந்த கையை மடக்கி நெஞ்சின் குறுக்கே வைத்தாள். கூட ஊழியம் செய்கிறவளுக்கு, என் இடத்தில் வந்து நில் என்று அர்த்தம். முப்பத்தொரு வருடத்தில் அவள் அந்தச் சைகையைக் காட்டியதே இல்லை. மாரடைப்போ என்று பயந்து ஜெனீவா நுனிக்காலில் ஓடிவந்தாள். வெர்டெல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வெளியே போய், சத்தமில்லாமல் சாத்தினாள்.

"எங்கடி போற?"

"அதான் கையைக் காட்டிட்டியே. வீட்டுக்குப் போறேன்."

"ஜெபம் நடக்குது. உள்ள விட முடியாது."

"அடிப் பாவி, இதைச் சொல்லத்தான் வெளிய வந்தியா?"

"இல்லடி. உன்கூட நிக்க வந்தேன். அன்னிக்கும் வந்திருக்கணும். தப்பு பண்ணிட்டேன், ஓடெஸ்ஸா. அம்மாவை உள்ள வச்சுக்கிட்டு உன்னை வெளிய நிறுத்தினேன் பாரு, அது பெரிய தப்பு."

ஓடெஸ்ஸா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரோட்ல போறவன்லாம் ஒரு மாதிரி பாத்துட்டுப் போனான்க்கா. எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் வெர்டெல். கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, தங்கையின் கையைப் பிடித்தாள். ஓடெஸ்ஸா உதறவில்லை. வெயில் கொளுத்தியது. கொஞ்ச நேரம் கழித்து மஞ்சள் தொப்பி அக்காவின் பக்கம் சாய்ந்து நிழல் கொடுத்தது.

"ராஸ்கோ எது வரைக்கும் வந்திருக்காரு?"

"மோசே. இன்னும் கடலே பிளக்கல."

ஓடெஸ்ஸா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தும் மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே ஆமென் சொன்னார்கள். ஜெனீவா கதவை அகலத் திறந்தாள். வெர்டெல் வழக்கம்போல் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு அதை எடுத்துத் தங்கையின் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். நடுப்பாதையில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். அன்று அம்மாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் இப்படி நடந்திருக்க வேண்டியவர்கள்.

இரண்டாவது வரிசையில் ஓடெஸ்ஸாவை உட்காரவைத்தாள். வாசலுக்குத் திரும்பவில்லை. பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சபையே திரும்பிப் பார்த்தது.

ஓடெஸ்ஸா ஒருமுறை இருமினாள். சுத்தப் பொய் இருமல். வெர்டெல் பையில் கையை விட்டு இரண்டு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள்.