வக்காவின் கண்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்துப் பறவைகளைச் சுட்டுச் சுட்டு வரைந்த ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நானும் பறவை வரைகிறவன். அவர்மேல் எனக்குக் கோபம். சுட்டதோடு விட்டாரா? அவர் படத்தில் வக்காவின் கண் மங்கிய பழுப்பு. வக்கா என்கிற இராக்கொக்குக்கு ரத்தச் சிவப்புக் கண் என்பது உத்திரமேரூர் ஏரிக்கரையில் நடக்கிற எவருக்கும் தெரியும். அவர் துப்பாக்கியைத் திட்டி எழுதியதோடு, 'பார்வை கெட்ட ஓவியர்' என்றும் எழுதிவைத்தேன்.

ஒரு நாள் காலையில், மின்கம்பியில் அடிபட்டு அப்போதுதான் விழுந்த வக்கா ஒன்று கரையில் கிடந்தது. அவர் கோட்டைவிட்டதை நான் வரைந்து காட்டுகிறேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். அவர் செய்ததைப் போலவே உடலுக்குள் கம்பி கொடுத்து நிற்கவைத்து, முதுகு இறகில் ஆரம்பித்தேன்.

"நாஷ்டா துண்ற மேசையில பொணத்த வெச்சிக்கினு இன்னா பண்ற?" என்றாள் மனைவி.

"வரையறேன்."

"ஏரில இத்தினி உயிரோட கீதே."

"அது நிக்காதுடி."

"இது மட்டும் நிக்குதா? கண்ணப் பாரு, போயிடுச்சி."

பார்த்தேன். சிவப்பு போய், கண் சேற்று நிறத்தில் குழிந்திருந்தது. இறகின் நிறம் எங்கும் ஓடிவிடாது. கண்ணைத்தான் முதலில் வரைந்திருக்க வேண்டும். வெயிலில் சுட்டதைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்கு வருவதற்குள் அந்த மனிதருக்கும் இப்படித்தான் போயிருக்கும். பாவம், எதிரில் இருந்ததை அப்படியே வரைந்திருக்கிறார்.

பறவையைப் புதைத்துவிட்டு வந்து 'பார்வை கெட்ட ஓவியர்' என்ற வரியை அடித்துவிட்டேன். துப்பாக்கியைப் பற்றி எழுதியதை அடிக்கவில்லை.