ஓட்டைத் தோணியும் ஒரு மொட்டைத் தலையும்

எழுபதுகளின் நடுவில் ஒரு முறை, ஆறு கிழமை, ஒன்றரை மாதம், நான் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன். துறைமுகத்தில் கிளார்க் வேலை. குறிப்பிட்டுச் சொல்ல ஒரு துக்கமும் இல்லை. குளிக்க மனமில்லை, அவ்வளவுதான். வாசிகசாலையில் பத்து வருடமாகக் கடவுள் இல்லையென்று பிரசங்கித்தவன் நான். ஆகவே அன்புவழிபுரத்து வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தவர்களின் முகத்தில் கவலையைவிடத் திருப்தியே அதிகம் தெரிந்தது.

"கடவுள் இல்லையெண்டு கத்தின வாய். இப்ப கஞ்சிக்கும் திறக்குதில்லை," என்றாள் அடுத்த வீட்டுக்காரி, எனக்குக் கேட்கும்படியாக.

மனைவி வெருகல் முருகனுக்கு நேர்ந்தாள்: நான் எழும்பினால் என் தலைமுடி.

என்னை எழுப்பியவர் கிண்ணியாவிலிருந்து தோணியில் வேலைக்கு வரும் என் நண்பர். ஐந்து வேளையும் தொழுபவர்; எங்கள் வீட்டில் அவரை 'நானா', அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். என்னிடம் அல்லாஹ்வைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. காலையில் என்னைச் சைக்கிளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய், தோணிக்குள் இறக்கி, கையில் ஒரு தகரப்பேணியைத் தந்தார்.

"ஓட்டை, சேர். தண்ணிய அள்ளி ஊத்துங்க."

"நாளைக்கும் நிரம்புமே."

"ஓம். நாளைக்கும் வாறன்."

அந்த ஓட்டை என் மனநிலையை விசாரிக்கவில்லை. அள்ளாவிட்டால் தோணி தாழும். இரண்டு மாதத்தில் எனக்குப் பசித்தது. வேலைக்கும் போனேன், காலையில் அள்ளுவதை மட்டும் விடவில்லை. முழுதாகச் சுகமானது முதலில் நாக்குத்தான்.

"ஒருக்கா வெருகலுக்கு வாங்கோ. முடிதானே, வளரும்," என்றாள் மனைவி.

"முருகன் ஒரு பேணி தண்ணி அள்ளினவரோ?"

அவள் திரும்பக் கேட்கவில்லை. தனியே பஸ் ஏறிப்போய், இடுப்பளவு இருந்த தன் முடியைக் கொடுத்துவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். அந்த நேரம் நண்பர் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கேட்க ஒரு ஆள் இருந்தால் எனக்குச் சும்மா இருக்க ஏலாது.

"முக்காட்டை எடும், நானாவும் பாக்கட்டும். வள்ளிக்கும் தெய்வானைக்கும் இனிச் சவரிமுடி வாங்கத் தேவையில்லை."

அவள் எடுத்தாள். உச்சியில் இரண்டு இடத்தில் கத்தி கீறியிருந்தது. நண்பர் தேநீரை முடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. கரைக்கு நடந்தே போனேன். தோணி உள்ளே காய்ந்து கிடந்தது.

"ஓட்டைய அடைச்சிட்டன், சேர். உங்களுக்குத்தான் சுகமாச்சே. போங்க."

கீல் காய்ச்சி அடைக்க அரைநாள் போதும். இத்தனை மாதமும் எனக்காகத்தான் அடைக்காமல் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்குத் திரும்பினேன். மனைவி கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாளியைத் தாரும், நான் அள்ளுறன்," என்று கையை நீட்டினேன்.

"நீங்கள் போய்ப் படுங்கோ," என்றாள்.