அம்மா விட்டுவிடப் போகிறாள்

தினமும் இரண்டு முறை பல் துலக்குகிறவர்கள் யார் என்று மூன்றாம் வகுப்பில் டீச்சர் கேட்டபோது, எங்கள் அம்மா ஆறு முறை துலக்குவாள் என்று எழுந்து நின்று சொன்னவள் நான். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அப்படியொரு சுத்தக்காரி வேறு யாரும் இல்லை என்று எனக்குப் பெருமை. காலையில் எழுந்ததும் ஒருமுறை, சோறு வடித்ததும் ஒருமுறை, கார்மெண்ட்ஸுக்குக் கிளம்புமுன் ஒருமுறை. சின்ன டப்பாவிலிருந்து கறுப்புப் பொடியை விரலில் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டு, கண்ணை மூடிச் சற்று நேரம் சுவரில் சாய்ந்திருப்பாள். இத்தனை துலக்கியும் அவள் பற்கள் ஏன் பழுப்பாக இருந்தன என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

அது புகையிலைப் பொடி. பல்வலிக்கு நல்லது என்று பக்கத்து மெஷினில் தைக்கும் பெண் கொடுத்தது. பல்வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. பொடி ஏழு வருடம் தங்கிவிட்டது. வீட்டில் பெரியவர்களுக்கெல்லாம் இது தெரியும். எனக்கு அது வெறும் பல்பொடி.

தொண்ணூற்று நான்கோ ஐந்தோ, ஒரு மழைக்காலத்தில் அம்மாவின் கன்னத்து உட்புறம் வெள்ளையாகத் தடித்திருந்தது. அப்பா அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார். என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். கதவு திறந்தபோது டாக்டர் கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தது.

“பிட்டுபிடி அம்மா. இவத்தே பிட்டுபிடி.”

விட்டுவிடுங்கள், இன்றைக்கே விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். எங்கள் தெருவில் கன்னடம் புரியாத பிள்ளை கிடையாது. எதை விடச் சொன்னார் என்பதுதான் புரியவில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. சமையலறையில் அவளும் அப்பாவும் தணிந்த குரலில் பேசினார்கள்.

“எத்தினி வாட்டி விடறேன் விடறேன்னு சொல்லியிருக்கா. இந்த வாட்டி நெஜமாவே விட்டுடுவாண்ணா, பாரு.”

“விட்டுட்டா எல்லாருக்கும் நல்லது” என்றார் அப்பா.

என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். அவளை அவளுடைய அம்மா விட்டுவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அவள் தலை என்றைக்கும் ஒழுங்காகப் பின்னியிருக்காது. எங்கள் அம்மா எங்களை விட்டுப் போவது எப்படி எல்லோருக்கும் நல்லதாகும்? அதையும் ஒரு டாக்டர் ஏன் சொல்ல வேண்டும்?

மறுநாள் முதல் அம்மா படுத்துவிட்டாள். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். காய்ச்சல் இல்லை, ஆனால் ஜாக்கெட் நனையும்படி வியர்த்தது. சோற்றைக் கண்டால் குமட்டியது. ஸ்டவ் சரியாக எரியவில்லை என்று அழுதாள். டம்ளர் கீழே விழுந்த சத்தத்துக்கு அப்பாவை அவர் பெயர் சொல்லித் திட்டினாள். பதிலுக்கு நிச்சயம் கத்துவார் என்று நான் மூலையில் ஒடுங்கினேன். அப்பாவோ டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. நோய் வந்தால் டாக்டரிடம் போவார்கள், குணமாகும். அம்மா நன்றாகத்தானே போனாள், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபின் அல்லவா நோய் வந்திருக்கிறது!

நான்காம் நாள் அப்பாவுக்கு அதற்குமேல் லீவு கிடைக்கவில்லை. அத்தையும் வேலைக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது அப்பா என்னை வாசலுக்கு அழைத்தார்.

“இன்னிக்கு ஸ்கூல் வேணாம். அம்மா எங்கியும் போவாம பாத்துக்கோ.”

ஆக, அது இன்றைக்குத்தான். நான் உள்ளே வந்து முதல் வேலையாக அம்மாவின் செருப்பைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன்.

பதினொரு மணி இருக்கும். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். உதடு வறண்டிருந்தது.

“பாப்பா, கடைக்கு ஓடிப்போய் பல்பொடி வாங்கியாம்மா. அப்பா கிட்ட சொல்லாத.”

“நான் போமாட்டேன்.”

“போடின்னா!”

“மாட்டேன்.”

கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன் என்னை அவள் அடித்ததில்லை. பிறகு அவளே எழுந்து செருப்பைத் தேடினாள். கட்டிலுக்கடியில் குனிந்தாள், தலை சுற்றி அப்படியே சற்று நேரம் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மறுபடி எழுந்தாள். வெறுங்காலோடு வாசல்வரை போய்விட்டாள். நான் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டேன்.

“விட்டுட்டுப் போவாதம்மா! இனிமே நானே தலை பின்னிக்கிறேன்மா!”

“யார விட்டுட்டு?”

அழுகையினூடே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, அத்தை சொன்னது, எல்லோருக்கும் நல்லது என்று அப்பா சொன்னது. அம்மா சிரிக்கத் தொடங்கினாள். பாதியிலேயே அது வேறு ஏதோவாக மாறியது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

“அது இல்லடி. அது வேற” என்றாள். வேறு எது என்று சொல்லவில்லை. கையை நீட்டினாள். “என் கையப் புடிச்சிக்கோ. அப்பா வர்ற வரைக்கும் விடாத. நான் திட்டினாலும் விடாத.”

பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று ஈரமாக இருந்தது. மத்தியானம் இரண்டு முறை உதறப் பார்த்தாள், திட்டவும் செய்தாள். எனக்குப் பாத்ரூம் வந்தபோது அவளையும் இழுத்துக்கொண்டே போனேன். ஆறரைக்கு அப்பா வந்து கதவைத் தட்டினார். சேர்ந்தே போய்த் தாழ்ப்பாளை எடுத்தோம். அவர் எங்கள் கைகளைப் பார்த்தார், சட்டைகூடக் கழற்றாமல் போய் டீ போட்டார்.

மேலும் பத்து நாள் கழித்து அம்மா வேலைக்குப் போனாள். பிறகு அந்த டப்பாவை எங்கள் வீட்டில் நான் பார்க்கவில்லை. கன்னத்தின் வெள்ளையும் மெல்ல மறைந்தது.

அன்று முழுக்க நான் ஒன்றைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் பயந்துபோயிருப்பது தெரிந்து, அம்மா எனக்குத் துணையாகக் கையைக் கொடுத்திருக்கிறாள் என்று. அந்த அறையில் யார் யாருக்குத் துணை என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.