விரல் படாத ஒரு வெள்ளி

அஞ்சலை அக்கா இறந்த செய்தி எனக்கு வேலையிடத்தில்தான் கிடைத்தது. காலை பத்து மணி ஓய்வுக்கு மணி அடித்திருந்தது. சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்து, “தேவி, ஒங்க தோட்டத்துல இருந்து போன் வந்துச்சு. அஞ்சலை போயிட்டாளாம். நீ வீட்டுக்குக் கெளம்பு” என்றார். நான் கையுறையைக் கழற்றி மடித்து வைத்தேன். பக்கத்து நாற்காலி இரண்டு வாரமாகவே காலி. அக்காவின் கையுறை, கடைசி நாள் அவர் கழற்றி வைத்த இடத்திலேயே கிடந்தது.

நாளை பதினாறாம் நாள். வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அக்காவின் அம்மா கேட்டிருக்கிறார். நான் பேச மாட்டேன் என்பது தோட்டத்துக்கே தெரியும். ஆறாம் வகுப்பு முடித்து மலாய்ப் பள்ளிக்குப் போனேன். வாயைத் திறந்தாலே பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரே வருடத்தில் நின்றுவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசியுங்கள்.

சுங்கை காடுட் தொழிற்சாலையில் எங்கள் வேலை, முலாம் பூசி வரும் குழாய்ச் சாமான்களை விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பது. கீறலோ புள்ளியோ இருந்தால் ஒதுக்க வேண்டும். முதல் நாள் நான் வெறும் கையால் ஒன்றைத் தூக்கிவிட்டேன். அக்கா திட்டவில்லை. அதை வாங்கிச் சாய்த்து, அதில் பதிந்திருந்த என் ரேகையைக் காட்டினார். “காலையில இருந்து நீ ஒரு வார்த்த பேசல. ஒன் வெரலு பேசிருச்சு பாரு” என்றார். இரண்டு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் பேசாமல் இருந்ததை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

அக்கா காசு சேர்த்தது உங்களுக்குத் தெரியும். காசுப் பைத்தியம் என்று நம்மில் பலர் சொன்னோம். ஆனால் என்ன காசு என்று யாரும் கேட்கவில்லை. பழைய காசு அவருக்கு வேண்டாம். சேகரிப்பவர்களுக்கென்று தனியாக அடிக்கும் புதுக் காசுகள் இருக்கின்றன. நம் சட்டைப்பையில் இருக்கும் காசின் அதே படம், அதே மதிப்பு. ஆனால் படத்தைச் சுற்றியுள்ள பரப்பு கண்ணாடிபோல் முகம் காட்டும். படம் மட்டும் பனி படிந்ததுபோல் வெளுத்து நிற்கும். சில காசுகள் மணல் வாரி இறைத்ததுபோல் முழுவதும் மங்கலாக இருக்கும். “எல்லாரும் நம்பரப் பாக்குறாங்க. நான் தோலப் பாக்குறேன்” என்பார் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரம்பான் பசாரில் மீன் வாங்கினோம். மீன்காரர் கொடுத்த சில்லறையில் ஓர் ஐம்பது காசைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டார். விளிம்பில் பிடித்து வெயிலுக்குச் சாய்த்தார்.

“என்னா அஞ்சல, கள்ளக் காசுன்னு பாக்குறியா? நான் என்ன வீட்லயா அடிக்கிறேன்?” என்றார் மீன்காரர்.

“நீங்க அடிச்சா மீன் படம்லண்ணே இருக்கும்!”

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா காசை எனக்குக் காட்டினார். யாரோ வீட்டுப் பிள்ளை, அட்டையில் இருந்த கண்ணாடிக் காசைப் பிரித்து மிட்டாய் வாங்கியிருக்க வேண்டும். கீறலுக்கு நடுவே இரண்டு இடத்தில் மட்டும் பழைய பளபளப்பு மிச்சமிருந்தது. “இது செத்துப் போச்சு தேவி. ஒருதடவ கையில விழுந்தா அவ்ளோதான். தொடச்சாலும் வராது, வெளக்குனாலும் வராது.” அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அவர் உயிராக வைத்திருந்தது ஒரே ஒரு காசு. கிரிஸ் கத்தி பொறித்த ஒரு ரிங்கிட், நாம் ஒரு வெள்ளி என்று கொடுத்து வாங்கும் அதே மஞ்சள் காசு. அதுவும் கண்ணாடிக் காசுதான். வட்டமான பிளாஸ்டிக் டப்பியில் அடைத்தது. வளையல் செய்ய வைத்திருந்த பணத்தில் வாங்கினார். அதை ஒருமுறை நாங்கள் வேலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் கொண்டுவந்தார். மம்பாவ் ஊரைத் தாண்டும்வரை பெண்கள் அவரை விடவில்லை.

“ஒரு வெள்ளிய அம்புட்டுக் காசு குடுத்து வாங்குனவ நீ ஒருத்திதான்லா!”

“எங்க வெச்சிக்கப் போற? செத்தா நெத்தியில ஒட்டவா?”

அக்காவும் சேர்ந்து சிரித்தார். “நெத்திக்கு பத்து காசு போதும்டி. இத எடுத்து ஒட்டுனீங்க, எழுந்து ஒக்காந்துருவேன்” என்றார்.

அப்போதே அவருக்கு இருமல் இருந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒரு நுரையீரல் முழுவதும் போய்விட்டிருந்தது. இறப்பதற்கு மூன்று நாள் முன்பு பார்க்கப் போனேன். மூச்சுக்கு நடுவே பேசினார்.

“கிரிஸ் காசு பிஸ்கட் டின்ல இருக்கு. அது ஒனக்கு. எங்க வீட்ல யாருக்கும் அதப் பத்தித் தெரியாது, செலவழிச்சிருவாங்க. நீ போய்க் கேட்டு வாங்கிக்க.”

தலையாட்டினேன்.

“தலைய ஆட்டாத. வாயத் தொறந்து கேக்கணும். கேப்பியா?”

“கேக்குறேன்க்கா.”

நான் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி, புதுச்சேலை கட்டிக் கிடத்தியிருந்தார்கள். அக்காவின் அம்மா மயங்கி உள்ளே படுத்திருந்தார். பாரோயிலிருந்து வந்த அக்காவின் அத்தைதான் எல்லாம் பார்த்தார். சந்தனம் குழைத்தாகிவிட்டது. “நெத்திக் காசு எங்கம்மா?” என்று அத்தை கேட்டார். யாரிடமும் நல்ல காசு இல்லை. அலமாரியைத் திறந்த ஒருவர் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அத்தை கிளறிப் பார்த்து அந்த டப்பியை எடுத்தார். “இந்தா, புதுசா ஒரு வெள்ளி இருக்கு. தங்கமாட்டம் மின்னுது. புள்ள மகாலெட்சுமியாட்டம் போகட்டும்.”

டப்பி திறக்கவில்லை. பல்லால் நெம்பித் திறந்தார். காசை முந்தானையில் அழுத்தித் துடைத்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். நான்கு அடி தூரம்கூட இல்லை.

“அத்த” என்றேன்.

அத்தை திரும்பினார். அறையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

“என்னாம்மா? என்னா வேணும்?”

“தண்ணி” என்றேன்.

யாரோ ஒரு குவளையில் தண்ணீர் கொடுத்தார்கள். முழுவதையும் குடித்தேன். குடித்து முடித்தபோது காசு சந்தனத்தில் ஒட்டியிருந்தது. அதன் மேல் கட்டைவிரலின் ரேகை நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து உட்காரவில்லை.

அத்தை மேல் எனக்கு வருத்தமில்லை. கையில் கிடைத்ததில் நல்லதைத்தான் வைத்தார். அவருக்குத் தெரியாது. அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்தி.

பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை என்பதால் நான் ரோட்டு முனையோடு நின்றுவிட்டேன். குழி வெட்டியவர் வழக்கப்படி நெற்றிக் காசை எடுத்துக்கொண்டார் என்று என் அப்பா சொன்னார். அவருக்கு அது ஒரு வெள்ளி. அன்றைக்கே ஏதோ ஒரு கடையில் கொடுத்திருப்பார். இப்போது அது யார் சட்டைப்பையிலோ சாவிக்கொத்தோடு உரசிக்கொண்டிருக்கிறது. எனக்கு யார் ஒரு வெள்ளி கொடுத்தாலும் சாய்த்துப் பார்க்கிறேன். பசாரில் மீன்காரர் ஒன்றும் கேட்பதில்லை. சும்மா திரும்பிக்கொள்கிறார்.

அன்று மிதிபட்ட பூக்களுக்கு நடுவிலிருந்து டப்பியின் இரண்டு பாதிகளையும் பொறுக்கி எடுத்தேன். ஒரு பாதியில் பல் தடம் இருக்கிறது. அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும், விளிம்பைப் பிடிக்கத் தெரிந்த இந்தக் கையும்தான்.

இதை வாசிக்கக் கேட்கும் உங்களிடம் ஒன்று. உங்கள் கைக்கு ஒரு வெள்ளி வந்தால், செலவழிக்கும் முன் ஒரு தடவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீறலுக்கு நடுவே எங்கேயாவது உங்கள் முகம் தெரிந்தால் என்னிடம் கொடுத்துவிடுங்கள். அது அக்காவின் காசு. எனக்குக் கொடுத்தது. அத்தை, அம்மா, எல்லாரிடமும் இப்போது கேட்கிறேன்.