கொம்பில்லாத சேணம்

டெல்லியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கௌபாய் மாட்டுக்காரர்களை எண்ணெய் வண்ணத்தில் வரைகிற தமிழ்ப் பெண்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருத்தி நான், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். இன்னொருத்தி என்னைவிட நாலு வயது மூத்தவள், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ். அவளை அக்கா என்று கூப்பிடுவேன். அவள் திருநெல்வேலிக்காரி, என்னை ஏட்டி என்பாள். குர்காவ்ன் பக்கம் உணவகங்களுக்கு உள்ளலங்காரம் செய்கிற ஒருவர், தொப்பிக்காரர்கள், குதிரை, செம்மலை என்று படங்கள் கேட்டார். மந்தைக் குதிரைகளும் வேலியில் சாய்ந்து நிற்கிறவர்களும் அவள் பங்கு. குதிரை மேலிருந்து மாட்டுக்குக் கயிறு வீசுகிறவர்கள் என் பங்கு. ஃபோட்டோ பார்த்து வரைந்து கொடுத்தோம். உணவகங்கள் மூடிப்போயின. எங்களுக்குக் குதிரைப் பைத்தியம் மட்டும் தெளியவில்லை.

"முருகனை வரையக் கூடாதா? மயில் இருக்கு, வேல் இருக்கு" என்று மலை மந்திர் கோயிலில் பார்க்கிற மாமிகள் கேட்பார்கள். அக்கா செருப்பைத் தேடுகிற சாக்கில் நகர்ந்துவிடுவாள். நான்தான் ஏதாவது துடுக்காகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வியாழக்கிழமை மதியம் ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போவாள். வந்தவள் படத்தின் முன் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். பிறகு மூன்று குறை சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் டீ. பாராட்டு என்ற பேச்சே கிடையாது. பாராட்டுவதற்குத்தான் தமிழ்ச் சங்கத்து மாமிகள் இருக்கிறார்களே.

குறை என்றால் நாசூக்காகச் சொல்வது இல்லை. "இது குதிரையா, சோபாவுக்கு நாலு காலு வச்சிருக்கியா?" என்றாள் ஒருமுறை. "உங்க மாட்டுக்காரன், பஞ்சப்படி அறிவிப்புக்குக் காத்துக்கிட்டிருக்கிற உங்க வீட்டுக்காரர் மாதிரியே நிக்கிறானே அக்கா" என்றேன் நான். அவள் சிரித்தாள், பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அடுத்த வியாழக்கிழமை அந்த ஆளின் நிற்கும் விதத்தையே மாற்றியிருந்தாள், படம் பிழைத்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சமாவது வரையக் கற்றது இந்த வாய்க்கொழுப்பால்தான்.

அமெரிக்காவில், இந்த மாதிரிப் படங்கள் வரைகிற பெண்களுக்கு மட்டும் என்று ஒரு கண்காட்சி அறிவித்தார்கள். இரண்டு பேரும் அனுப்பினோம். எனக்கு முதல் சுற்றிலேயே மன்னிப்புக் கேட்டு மெயில் வந்தது. அவளை இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபோனில் சொன்னபோது, "ரொம்ப சந்தோஷம்க்கா" என்றேன். ஃபோனை வைத்துவிட்டு, நன்றாக இருந்த தோசைக்கல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பாழாக்கினேன்.

அவளுக்கு இது வெறும் பெருமை இல்லை. கணவர் ஐந்து மாதத்தில் ஓய்வு பெறப் போகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பாளையங்கோட்டை ஃப்ளாட்டுக்குப் போக வேண்டும். டர்பன்டைன் வாடையை முப்பது வருஷமாகச் சகித்துக்கொண்டவர் அவர், அப்படித்தான் சொல்லிக்கொள்வார். என் எதிரிலேயே அவளிடம் சொன்னார்: "அமெரிக்காக்காரன் ஒம் படத்த சுவத்துல மாட்டுனாம்னா பின் ரூம்பு ஒனக்கு. இல்லன்னா பிரஷ்ஷு, பெயின்ட்டு எல்லாத்தயும் இங்கனயே போட்டுட்டு வந்துரணும். அந்த நாத்தம் ஊருக்கு வரக்கூடாது." விளையாட்டுக்குச் சொல்கிற மனிதர் இல்லை. அந்த அறைக்காகத்தான் அவள் வரைந்தாள்.

இறுதிச் சுற்றுக்குப் புதுப் படம் வேண்டும். ஃபோட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, குதிரையை நேரில் பார்த்துக் கோட்டோவியம் எழுதி, அதிலிருந்து வரைய வேண்டும் என்று விதி. டெல்லியில் குதிரைக்கு எங்கே போவது? அக்கா போனாள். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற வெள்ளைக் குதிரைகளை வாடகைக்கு விடுகிற ஒருவரைப் பிடித்தாள். ஜனவரிக் குளிரில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுத் தினமும் இரண்டு மணி நேரம் வரைந்தாள். "ஷாதி கிஸ்கி ஹை, பெஹன்ஜி?" என்று அவர் கேட்பாராம், கல்யாணம் யாருக்கு என்று. "மேரி" என்று இவள் சொல்வாளாம், எனக்குத்தான் என்று. ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு சந்தோஷம்.

படம் முடிந்த வியாழக்கிழமை போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். வெள்ளைக் குதிரை பின்னங்கால்களை மண்ணில் ஊன்றி நிற்கிறது. மேலே இருப்பவன் கன்றின் கழுத்தில் சுருக்குப் போட்டுவிட்டான். கயிறு விறைத்து நிற்கிறது. குதிரையின் மார்புத் தசை இழுபடுவதை அவள் போட்டிருந்த விதத்தில் எனக்கு வயிறு எரிந்தது. என்னால் ஏழு ஜென்மத்துக்கும் அப்படிப் போட முடியாது. அது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

பத்து நிமிடத்தில் குறையும் தெரிந்துவிட்டது. கயிறு அவன் கை முஷ்டியில் போய் முடிந்தது. கயிறு வீசுகிறவனின் சேணத்தில் முன்பக்கம் ஒரு கொம்பு இருக்கும். மாடு மாட்டியதும் கயிற்றின் மறுமுனையை அந்தக் கொம்பில்தான் சுற்றுவார்கள். கையில் பிடித்து நிறுத்தினால் விரல் பிய்ந்துவிடும். அக்கா பார்த்து வரைந்தது மாப்பிள்ளை உட்காருகிற மெத்தைச் சேணம். அதில் ஏது கொம்பு? அவள் அதுவரை கயிறு வீசுகிறவனை வரைந்ததே இல்லை. என் படங்களில் பார்த்ததோடு சரி, கொம்பு எதற்கென்று அவள் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. நான் இருபதுக்கு மேல் வரைந்திருக்கிறேன்.

மீதி ஐம்பது நிமிடமும் நான் படத்தைப் பார்க்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவகாசம் இன்னும் பத்து நாள் இருந்தது. ஒரு கொம்பு, கயிற்றில் இரண்டு சுற்று, ஒரு மதிய வேலை.

"சொல்லுட்டி. மூணு" என்றாள். கையில் துணியை வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுகூட இல்லக்கா. அப்படியே அனுப்புங்க" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் பாராட்டு. "நெசமாவாட்டி?" என்று இரண்டு தரம் கேட்டாள். டீயோடு முறுக்கும் வைத்தாள், தின்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். நடுவர்கள் எழுதியிருந்த பதிலை ஃபோனில் திறந்து என்னிடம் நீட்டினாள். குதிரையை வெகுவாகப் புகழ்ந்திருந்தார்கள். ஆனால் சேணத்தில் கொம்பு இல்லை, இந்த வேலையை அறியாதவர் வரைந்த படத்தை ஏற்க முடியாது என்று முடித்திருந்தார்கள். நான் படித்துவிட்டு, "அச்சா, இப்படி ஒண்ணு இருக்கா? எனக்கே தெரியாதேக்கா" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

அவள் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் என் படங்கள் மூன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மூன்றிலும் கயிறு வீசுகிறவர்கள். மூன்றிலும் கொம்பு, கொம்பில் சுற்றிய கயிறு. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். ஃபோனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, யார் கல்யாணத்துக்கோ புடவை எடுக்க வேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் கடைசியாக வந்தாள். அவள் பிரஷ்களையும் வண்ணங்களையும் ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்து வந்திருந்தாள். "நீயே வச்சிக்கோட்டி, அங்க எடமில்ல" என்றாள். அன்றைக்கு வரைகிற ஸ்டாண்டில் என் புதுப் படம் இருந்தது, அடுத்த வருஷக் கண்காட்சிக்கென்று எழுதியது. நான் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழுசாக ஒரு மணி நேரம் பார்த்தாள். அவள் கண் இடது பக்கக் கீழ் மூலைக்குப் போய் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு நகர்ந்தது, மறுபடியும் அங்கேயே வந்தது.

"சொல்லுங்கக்கா" என்றேன்.

"அருமையா இருக்குட்டி. ஒரு கொறையும் இல்ல."

"அக்கா, அந்தக் கீழ் மூலையில என்ன? சொல்லிட்டுப் போங்கக்கா. தயவுசெஞ்சு."

"ஒண்ணுமில்லங்கேன். அப்படியே அனுப்பு" என்றாள். டீயைக் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு வருஷமாக அந்தப் படத்தை அனுப்புகிறேன், இரண்டு தடவையும் திருப்பிவிட்டார்கள். காரணம் எழுதவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டேன், நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிடும், ரொம்ப அருமை என்று. தினமும் மதியம் நாற்காலி போட்டு அந்தக் கீழ் மூலையைப் பார்க்கிறேன். கொஞ்சம் மண், கொஞ்சம் நிழல், ஒரு குதிரைக் குளம்பு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.